களிம்பின் மேல் போட்ட பழி

என் மேசைக்கு வருபவை எல்லாமே தோற்றுப்போன பொருள்கள். பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் பழுதாய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் திருப்பியனுப்பிய பலகைகள், கறுத்துப்போன முனைகள், பச்சை படிந்த செம்புத் தகடுகள். மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தால் ஏதாவது ஒரு கறை கட்டாயம் தெரியும். சேர்ந்த புதிதில் கறை கிடைத்துவிட்டால் காரணமும் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "கண்டுபிடிச்சிட்டேன் காக்" என்று படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். எங்கள் மூத்த பொறியாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. படத்தை அவர் உடனே பார்க்கமாட்டார். "பெராப்பா டாரிபாடா பெராப்பா?" என்று கேட்பார். எத்தனையில் எத்தனை?

அந்தக் கேள்வி புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. திரும்பி வந்த பத்துப் பலகைகளிலும் ஒரே கறை இருக்கலாம். ஆனால் எங்கேயோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரம் பலகைகளிலும் அதே கறை இருந்தால் அது எப்படிக் காரணமாகும்? தோற்றதை மட்டும் பார்த்தால் போதாது, தோற்காததையும் எடுத்துப் பார்க்க வேண்டும். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் செய்யாமல் விட்டதால் ஒரு போரின் வரலாறே நூறு ஆண்டுகளுக்கும் மேல் தவறான கையில் இருந்திருக்கிறது.

செம்பு அரிமானம் பற்றி எதையோ தேடப்போய்த்தான் அந்தப் போரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. 1876 ஜூன் 25. அமெரிக்காவின் மொன்டானா பகுதியில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டரோடு போன ஐந்து கம்பெனிக் குதிரைப்படை வீரர்கள், சுமார் 210 பேர், ஒருவர் மிச்சமில்லாமல் இறந்துபோனார்கள். அந்தத் தோல்விக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று ஒரு கறை. துப்பாக்கித் தோட்டாவின் செம்புக் கூட்டில் படிந்த பச்சைக் களிம்பு.

களிம்பு நமக்குப் புதியதல்ல. பாட்டி செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் நாம். சைவ சித்தாந்தத்தில் உயிரையும் ஆணவ மலத்தையும் விளக்க ஓர் உவமை உண்டு: செம்பில் களிம்பு போல. செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு, வெளியிலிருந்து வந்து ஒட்டியது அல்ல என்பது அதன் பொருள். கஸ்டரின் தோல்வியைப் பற்றிய வாதத்திலும் ஏறக்குறைய இதே கேள்விதான் இருந்தது. குற்றம் துப்பாக்கிக்குள்ளேயே இருந்ததா, வெளியில் இருந்ததா?

போரின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1868இல் கையெழுத்தான லாரமி கோட்டை உடன்படிக்கைப்படி பிளாக் ஹில்ஸ் மலைகள் லக்கோட்டா மக்களுக்கு உரியவை. 1874இல் கஸ்டர் தலைமையில் அங்கே போன ராணுவப் பயணக்குழு தங்கம் இருப்பதைச் சொன்னது. அதற்கப்புறம் நடந்ததை யாரும் ஊகிக்கலாம். தங்கம் தேடிகள் புகுந்தார்கள், மலைகளை விற்கச் சொல்லி அரசு நெருக்கியது, லக்கோட்டாக்கள் மறுத்தார்கள். 1876 ஜனவரி 31க்குள் ஒதுக்கப்பட்ட நிலங்களுக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் பகைவர்களாகக் கருதப்படுவார்கள் என்று ஆணை போனது. அந்தக் கோடையில் சிட்டிங் புல், கிரேஸி ஹார்ஸ் போன்ற தலைவர்களோடு லக்கோட்டாக்களும் செயென் மக்களும் ஆற்றங்கரையில் பல ஆயிரம் பேராகக் குடில் போட்டிருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்த ஊர் அது. கஸ்டர் தன் ஏழாம் குதிரைப்படையின் சுமார் 600 பேரைப் பிரித்து அந்த ஊரைத் தாக்கினார். தென்முனையில் தாக்கிய மேஜர் மார்கஸ் ரெனோ விரட்டப்பட்டு ஆற்றைக் கடந்து ஒரு குன்றின்மேல் ஏறினார். கேப்டன் பென்டீனின் பிரிவு அவரோடு வந்து சேர்ந்தது. அந்தக் குன்றில் இருந்தவர்கள் மறுநாளும் முற்றுகைக்குள் நின்று சுட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பிழைத்தார்கள். சில மைல் தொலைவில் கஸ்டரோடு இருந்தவர்கள் பிழைக்கவில்லை. இந்த இரண்டு குன்றுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையே அவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது.

இனி துப்பாக்கி. 1873ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். ஒரு நேரத்தில் ஒரே தோட்டா. மேலே கீல் வைத்த மூடி ஒன்று உண்டு, பெட்டி மூடி போலத் திறக்கும். அதனால் 'டிராப்டோர்' என்று பெயர். மூடியைத் திறந்து, தோட்டாவை அறைக்குள் தள்ளி, மூடி, சுட வேண்டும். மறுபடி திறக்கும்போது ஒரு சிறு கொக்கி, வெற்றுக் கூட்டின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுத்துவிடும்.

தோட்டாவின் கூடு செம்பு மிகுந்த உலோகம். இங்கேதான் பொறியியல் வருகிறது. சுடும்போது உள்ளே உண்டாகும் அழுத்தத்தில் கூடு பலூன் மாதிரி உப்பி, அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அது நல்லதுதான். வாயு பின்பக்கம் கசியாமல் இருக்க அதுதான் அடைப்பு. அழுத்தம் இறங்கியதும் கூடு துளியூண்டு சுருங்கித் தளர வேண்டும். பித்தளை இதை நன்றாகச் செய்யும், அதற்கு மீளும் தன்மை அதிகம். செம்பு மென்மை. உப்பினால் உப்பினபடியே நின்றுவிடப் பார்க்கும். கரிமருந்தின் கசடு வேறு. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையாகவும் சாம்பலாகவும் திடப்பொருளாகத்தான் மிஞ்சும். பத்து இருபது தோட்டா சுட்டால் அறையும் குழாயும் அழுக்கேறிவிடும்.

இதோடு தோல் பட்டை சேர்ந்துகொண்டது. ராணுவம் கொடுத்த தோட்டாப் பெட்டிகள் போதவில்லை என்று வீரர்கள் தோலில் வளையம் தைத்த இடுப்புப் பட்டைகளில் தோட்டாக்களைச் சொருகி வைத்தார்கள். நம் ஊர்ப் பக்கம் தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். அங்கே வேறு மரங்களின் பட்டை. எதுவானாலும் துவர்ப்புதான், அமிலம்தான். வியர்வையும் மழையும் பட்ட தோலுக்குள் செம்பு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தால் பச்சை பூக்கும். பச்சை பூத்த தோட்டாவைச் சூடான அறைக்குள் தள்ளிச் சுட்டால் கூடு பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளலாம். கொக்கி இழுக்கும், கூடு வராது. மென்மையான விளிம்பு கிழிந்து கொக்கி மட்டும் திரும்பி வரும். இப்போது துப்பாக்கி வெறும் தடி. கார்பைனோடு குழாயைக் குத்தித் தள்ளும் கம்பியும் கிடையாது. கத்தியை எடுத்து நெம்ப வேண்டியதுதான்.

இது கற்பனை அல்ல, நடந்தது. ரெனோவின் குன்றில் கேப்டன் தாமஸ் ஃபிரெஞ்ச், கம்பியோடு இருந்த தன் நீளத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, மற்றவர்களின் சிக்கிய கார்பைன்களைச் சரிசெய்து கொடுத்தார் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். போர் முடிந்த சில வாரங்களில், 1876 ஜூலையில், ரெனோவே ராணுவத் தளவாடத் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். தன் பொறுப்பில் இருந்த 380 கார்பைன்களில் ஆறு பயனற்றுப் போயின என்றார். மூடி சரியாக மூடாமல் தோட்டாவின் பின்பக்கம் இடைவெளி விழுந்ததால், இழுக்கும்போது கூட்டின் தலை பிய்ந்து, உடல் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். கஸ்டரின் ஆட்கள் சண்டைக்கு நடுவே உட்கார்ந்து துப்பாக்கியோடு மல்லுக்கட்டியதை ஒரு பூர்வகுடி வழிகாட்டி பார்த்ததாகவும், இறந்தவர்களை அடக்கம் செய்தபோது உடல்களின் அருகே முனை உடைந்த கத்திகள் கிடந்ததாகவும் சேர்த்து எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தத் துப்பாக்கியைச் சோதித்துத் தேர்ந்தெடுத்த ராணுவக் குழுவுக்குத் தலைவர் ஜெனரல் ஆல்ஃபிரட் டெர்ரி. கஸ்டரைப் போருக்கு அனுப்பிய அதே டெர்ரி. குழு உறுப்பினர்களில் ஒருவர் ரெனோ.

1892இல், அந்தப் போரில் லெப்டினென்டாக இருந்த எட்வர்ட் காட்ஃப்ரி 'செஞ்சுரி' இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அழுக்கேறி அரித்துப்போன தோட்டாக்களின் கூடுகள் சில நேரம் வெளிவராததால் வீரர்கள் கத்தியால் எடுக்க நேர்ந்ததை அதில் சொன்னார். அதற்குப் பிறகு கதை தானாகவே வளர்ந்தது. ஆறு துப்பாக்கி எல்லாத் துப்பாக்கியும் ஆயிற்று. 'சில நேரம்' என்பது 'கடைசி நேரம்' ஆயிற்று. வீரத்தில் குறையில்லை, தலைமையில் குறையில்லை, துப்பாக்கி கைவிட்டது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று நம்மவர்கள் சொல்வதைத்தான் ஒரு நாடே சேர்ந்து சொன்னது.

கவனித்தால், ரெனோ தன் கடிதத்தில் கீழே எழுத வேண்டிய எண்ணையும் கொடுத்திருக்கிறார். 380இல் ஆறு. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மேலே இருந்த ஆறு கதைக்குள் போயிற்று, கீழே இருந்த 380 காணாமல் போயிற்று.

1983 ஆகஸ்டில் அந்தப் போர்க்களத்தில் காட்டுத்தீ பரவியது. புல்லும் புதரும் எரிந்து மண் தெரிந்தது. 1984இலும் 1985இலும் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்களின் தலைமையில் தன்னார்வலர்கள் மெட்டல் டிடெக்டரோடு வரிசை கட்டி நடந்தார்கள். ஒலி எழும் இடத்தில் ஒரு கொடி. தோண்டி எடுத்த ஒவ்வொரு பொருளும் எந்த இடத்தில், எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்று வரைபடத்தில் ஏற்றினார்கள். போர்க்களத்தைக் குற்றம் நடந்த இடம் போல நடத்தினார்கள் என்று சொல்லலாம். தோட்டாக் கூடுகளை ஒப்பிடும் வேலை உண்மையிலேயே நெப்ராஸ்கா மாநிலக் காவல்துறையின் தடயவியல் கூடத்தில்தான் நடந்தது.

சுட்ட கூட்டில் என்னென்ன தடயம் இருக்கும்? வாயருகே வெளிப்பக்கம் கரி வழிந்திருந்தால் கூடு சரியாக உப்பி அடைக்கவில்லை, வாயு பின்னோக்கிக் கசிந்திருக்கிறது என்று பொருள். தலைக்குச் சற்று மேலே வளையமாகப் பளபளப்போ விரிசலோ இருந்தால் அங்கே உலோகம் இழுபட்டிருக்கிறது. ரெனோ சொன்ன இடைவெளி இருந்தால் இப்படித்தான் ஆகும். விளிம்பில் கிழிசலும் அதன் அடியில் கீறலும் இருந்தால் யாரோ நெம்பியிருக்கிறார்கள். பச்சை இருந்தால் களிம்பு.

ஆனால் 108 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கூட்டில் எதைப் படிப்பது? கரியை மழை கழுவியிருக்கும். பச்சையோ எல்லாக் கூடுகளிலும் இருக்கும். தோல் பட்டையில் பூத்த பச்சை எது, மண்ணில் பூத்த பச்சை எது என்று யார் பிரிப்பது? இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வழக்கில் முதல் குற்றவாளி களிம்பு, அதற்கான சாட்சியத்தை மறைத்திருப்பதும் களிம்பு.

மிச்சமிருந்தது கீறல்தான். வேதிப்பொருள் மாறும், பரவும், மறையும். ஆனால் கத்திமுனை செம்பில் இழுத்த கோடு அப்படியே கிடக்கும். எனவே கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். எதனால் சிக்கியது என்பதை விட்டுவிட்டு, எத்தனை சிக்கின என்று எண்ணினார்கள்.

கஸ்டரின் களத்தில் கிடைத்த கார்பைன் கூடுகள் 88. நெம்பிய அடையாளம் இருந்தவை மூன்று. ரெனோவும் பென்டீனும் நின்ற குன்றில் கிடைத்தவை 257. அடையாளம் இருந்தவை ஏழு. ஒன்றில் நூற்றுக்கு 3.4, மற்றதில் 2.7. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. ஒரு கூடு கூடவோ குறையவோ கிடைத்திருந்தால் தலைகீழாகியிருக்கும்.

நூற்றுக்கு மூன்று என்பது குறைவுதானே என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒவ்வொரு சுடுதலுக்கும் மூன்று விழுக்காடு சிக்கும் வாய்ப்பு என்றால், முப்பது முறை சுட்டவனுக்கு ஒருமுறையாவது சிக்கியிருக்க அறுபது விழுக்காடு வாய்ப்பு. எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு பொருளைச் செய்தால் வாடிக்கையாளர் அன்றைக்கே ஓடிவிடுவார். மோசமான துப்பாக்கிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேள்வி அதுவல்ல. அதே துப்பாக்கி, அதே செம்பு, அதே தோல் பட்டை, அதே புழுதி, அதே நாள். இந்தக் குன்றிலும் அதே அளவு சிக்கியது, அந்தக் குன்றிலும் அதே அளவு சிக்கியது. இங்கே இருந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைத்தார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும் கறை, இரண்டு பக்கமும் வேறுவேறாக இருக்கும் முடிவுக்குக் காரணமாக முடியாது. காக் என் படத்தைப் பார்க்காமல் கேட்டது இதைத்தான்.

இந்தக் கணக்குக்கும் ஓட்டை உண்டு. அறைக்குள் சிக்கி வெளியே வராமலே நின்ற கூடுகள் துப்பாக்கியோடு சேர்ந்து வென்றவர்களின் கைக்குப் போயிருக்கும். அவை மண்ணில் கிடைக்காது. நூறு ஆண்டுகளாகச் சுற்றுலா வந்தவர்கள் பொறுக்கிக்கொண்டு போன கூடுகளும் கணக்கில் இல்லை. ஆனாலும் எல்லாத் துப்பாக்கியும் கைவிட்டது என்ற கதை உண்மையென்றால், நெம்பப்பட்ட கூடுகள் மூன்றோடு நின்றிருக்காது.

சரி, துப்பாக்கி இல்லையென்றால் வேறு எது? அதற்கும் கூடுகளே பதில் சொல்லின. துப்பாக்கியின் ஊசி, கூட்டின் அடியில் குத்தும்போது தன் கையெழுத்தைப் போட்டுவிடும். ஒரே ஊசித்தடம் உள்ள இரண்டு கூடுகள் இருநூறு அடி இடைவெளியில் கிடைத்தால், அந்தத் துப்பாக்கி அங்கிருந்து இங்கே நகர்ந்திருக்கிறது. இப்படி ஒவ்வொரு துப்பாக்கியாகப் பின்தொடர்ந்தார்கள். ஹென்றி ரைஃபிளின் கூடு பார்த்தவுடன் தெரிந்துவிடும், விளிம்பில் எதிரெதிரே இரண்டு குத்து இருக்கும். ஒருமுறை நிரப்பினால் பதினாறு தோட்டா வரை அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கி அது. வில்லும் அம்பும் வைத்திருந்தவர்கள் என்று பள்ளிப் படங்களில் வரைந்த பூர்வகுடி வீரர்கள் அன்று நாற்பதுக்கும் மேற்பட்ட வகைத் துப்பாக்கிகளால் சுட்டிருக்கிறார்கள். பழைய முன்வாய்த் துப்பாக்கியும் உண்டு, ராணுவத்திடம் இல்லாத தொடர்துப்பாக்கியும் உண்டு.

ராணுவக் கூடுகள் முதலில் ஒரு மேட்டில் ஒழுங்கான இடைவெளியில், வரிசை கட்டி நின்று சுட்டதுபோலக் கிடக்கின்றன. அதற்கப்புறம் ஒழுங்கு கலைகிறது. ஆட்கள் ஒன்றாகக் குவிகிறார்கள், ஓடுகிறார்கள். ஓவியங்களில் கஸ்டர் வாளேந்தி நிற்கும் அந்தக் கடைசிக் குன்றில், நீண்ட நேரம் நின்று போரிட்டதற்கான கூடுகள் அதிகம் இல்லை. வாளையும் அவர்கள் கொண்டுபோகவே இல்லை. ஃபாக்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில் சொன்ன முடிவு இதுதான்: படை அணியாக இருந்தது, நெருக்கடியில் அணி உடைந்தது, உடைந்தபின் முடிவு வேகமாக வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு வந்தது வியப்பு அல்ல, கோபம். ஏனென்றால் இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. போரில் இருந்த லக்கோட்டாக்களும் செயென்களும் இதை ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார்கள். ரெட் ஹார்ஸ் என்ற லக்கோட்டாத் தலைவர் 1881இல் ஒரு ராணுவ மருத்துவர் கேட்டுக்கொண்டதற்காகப் போரைச் சைகைமொழியில் விவரித்தார். வண்ணப் பென்சிலில் படம் படமாக வரைந்தும் கொடுத்தார். வீரர்கள் குழம்பியதையும் குதிரைகள் விழுந்ததையும் அதில் பார்க்கலாம். இவையெல்லாம் பதிவாகத்தான் இருந்தன. ஆனால் முரண்படுகின்றன, பழிவாங்கலுக்குப் பயந்து மாற்றிச் சொல்கிறார்கள், மொழிபெயர்ப்புச் சரியில்லை என்று ஒதுக்கிவைத்தார்கள். ஒரு வழிகாட்டி தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொன்னது துப்பாக்கியைக் குற்றம் சாட்டியதால் உடனே ஏற்கப்பட்டது. அதே களத்தில் நேருக்கு நேர் நின்றவர்கள் சொன்னதற்குச் செம்புக் கூடு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. மனிதர் சொன்னால் வதந்தி, உலோகம் சொன்னால் ஆதாரம். என் தொழிலே உலோகத்தைப் பேசவைப்பதுதான், இருந்தும் இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

களிம்பு முழுப் பொய்யும் அல்ல. தோல் வளையங்களுக்குப் பதிலாகக் கேன்வாஸ் பட்டைகள் வந்தன. 1877 மாதிரிக் கார்பைனின் கட்டைக்குள், மடித்துவைத்த கம்பியும் பிய்ந்த கூட்டை எடுக்கும் கருவியும் வைக்க இடம் செய்தார்கள். 1880களில் கூடு செம்பிலிருந்து பித்தளைக்கு மாறியது. துப்பாக்கியின் குறையைத் துப்பாக்கியில் திருத்தினார்கள், அது சரியான வேலை. 'கஸ்டர் போர்க்களம்' என்ற பெயரை 1991இல் சட்டம் போட்டு 'லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம்' என்று மாற்றினார்கள். பூர்வகுடிகளுக்கான நினைவிடம் 2003இல்தான் அங்கே திறக்கப்பட்டது. அந்தத் திருத்தத்துக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

இப்போதெல்லாம் என் அறிக்கையில் கறையின் படத்துக்குப் பக்கத்தில், கறை இருந்தும் ஓடிக்கொண்டிருக்கும் பலகையின் படத்தையும் ஒட்டுகிறேன். எண்ணையும் எழுதுகிறேன். ஆனாலும் அந்த மூன்று கூடுகளை என்னால் வெறும் 3.4 என்று கடந்துபோக முடியவில்லை. யாரோ மூன்று பேர், அல்லது ஒரே ஆள் மூன்று முறை, புழுதிக்கு நடுவில் மண்டியிட்டுக் கத்தியால் செம்பை நெம்பியிருக்கிறான். கூடு கழன்று கீழே விழுந்திருக்கிறது, அதனால்தான் அது மண்ணில் கிடைத்தது. அடுத்த தோட்டாவைப் போட அவனுக்கு நேரம் இருந்ததா என்பதைக் கூடு சொல்லவில்லை.